மெய்நிகரில் பழைய யாழ்ப்பாணத்தைக் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

வட மாகாணக் கல்வி, பண்பாட்டு அலுவல்கள் அதிகாரிகளுக்கும், யாழ்ப்பாண மாநகர சபைக்கும், தொல்பொருளியல் திணைக்களத்தின் பிராந்திய அலுவலர்களுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும், இத்தகைய திட்டங்களுக்குப் பணம் தரும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்.

மதிப்புக்குரியீர்,

எரிந்துபோன நூலகத்தையும், கோட்டைக்குள் இடிந்துபோன ஒல்லாந்தர் தேவாலயத்தையும், நல்லூர் இராசதானியையும் தலையில் மாட்டும் வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடிக்குள் மறுபடி எழுப்பிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது நல்ல ஆசை. கருவியின் விலை இறங்கிவிட்டது. முப்பரிமாணக் காட்சி ஆக்கத் தெரிந்த இளையவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களும் கற்பிக்கிறவர்களுமான நாங்கள் இதை எதிர்த்து எழுதவில்லை. ஒரு நிபந்தனையை முன்வைக்கிறோம்: காட்சியில் எது சான்றுள்ளது, எது ஊகம் என்பது கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளைக்கு அந்தக் காட்சிக்குள்ளேயே தெரிய வேண்டும். வாசலில் ஒட்டும் அறிவித்தலும் முடிவில் ஓடும் எழுத்துகளும் இதற்குப் போதாது. ஏன் போதாது என்று விளக்க, முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லவேண்டும்.

பாடப்புத்தகத்தில் ஒரு கட்டடத்தின் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்குப் படத்தின் ஓரம் தெரியும். ஓரத்துக்கு அப்பால் மேசை தெரியும், வகுப்பறைச் சுவர் தெரியும். வி.ஆர். கண்ணாடி அந்த ஓரத்தை எடுத்துவிடுகிறது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போகிறது. கண்ணாடியில் உள்ள கமராக்களும் அசைவுணரிகளும் தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஓயாமல் அளக்கின்றன. செக்கனுக்கு 72 முதல் 120 தடவை படம் புதிதாக வரையப்படுகிறது. தலை அசைந்ததற்கும் படம் மாறியதற்கும் இடைப்பட்ட தாமதம் ஏறத்தாழ 20 மில்லிசெக்கனுக்குள் நின்றால் பெரும்பாலானோருக்கு அது தாமதமாகவே தெரியாது. குனிந்தால் மேசைக்குக் கீழே தெரிகிறது, எட்டிப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் தெரிகிறது. பிறந்த நாள் முதல் உலகம் நம்மோடு இப்படித்தான் பழகி வந்திருக்கிறது. ஆகவே உடம்பு, ‘நான் இங்கேதான் நிற்கிறேன்’ என்று முடிவு கட்டிவிடுகிறது.

இந்த உணர்வை மெல் ஸ்லேற்றர் என்ற ஆய்வாளர் 2009 இல் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, அந்த இடத்தில் இருக்கிறேன் என்ற உணர்வு. மற்றது, இங்கே நடப்பது உண்மையிலேயே நடக்கிறது என்ற உணர்வு. பொய்யென்று அறிவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் இரண்டும் எழும் என்பதுதான் இதில் முக்கியம். ஆழமான பள்ளத்தின் மேல் ஒரு பலகையை மெய்நிகரில் வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். சமதரையில் நிற்கிறோம் என்று தெரிந்த பெரியவர்களே காலை எடுத்து வைக்கத் தயங்குவார்கள். உள்ளங்கை வியர்க்கும்.

உடம்பை ஏமாற்றுவது அவ்வளவு கடினமுமல்ல. 1998 இல் பொற்வினிக், கோகன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒருவருடைய கையை மறைத்துவிட்டு அவர் கண்முன்னே ஒரு இறப்பர்க் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இறப்பர்க் கை தம்முடையதென்றே பலர் உணரத் தொடங்கினர். மெய்நிகரில் நடக்கும் பாதையையும் வளைக்கலாம். தலை திரும்பும் அளவைவிடக் காட்சியைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பிக்கொண்டே போனால், ஒருவர் நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டு வட்டமாக நடப்பார். 2010 இல் வெளியான ஒரு ஜேர்மன் ஆய்வு, வட்டத்தின் ஆரை 22 மீற்றர் அளவுக்குப் பெரிதாக இருந்தால் வளைவு பிடிபடாது என்று கண்டது. தன் கால் நேராகப் போகிறதா வளைந்து போகிறதா என்றே சொல்ல முடியாத ஒருவரிடம், இந்தத் தூண் 400 வருடத்துக்கு முந்தியதா போன மாதம் கணினியில் செய்ததா என்று பிரித்தறியும்படி எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிள்ளைகளிடம் சிக்கல் இன்னும் ஆழமானது, ஏனென்றால் அது நினைவுக்குள் போகிறது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் செகோவியா, பெயிலன்சன் இருவரும் செய்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் தம்மைப் போன்ற உருவம் ஒன்று திமிங்கிலங்களோடு நீந்துவதை மெய்நிகரில் பார்த்தார்கள். சில நாள் கழித்துக் கேட்டபோது, அது தமக்கு உண்மையிலேயே நடந்ததென்று சொன்ன பிள்ளைகள் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தார்கள். கண்ணை மூடி அதைக் கற்பனை செய்யச் சொன்ன பிள்ளைகளிடமும் இது நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் நினைவு இயல்பாகவே இளகியது. ஆனால் கற்பனையில் பிள்ளை தானே படம் வரைகிறது. மெய்நிகரில் நாம் வரைந்ததை அது தன் அனுபவமாக வைத்துக்கொள்கிறது. அந்தப் பொறுப்பு நம்முடையது.

நல்லூரை எடுத்துக்கொள்வோம். போர்த்துக்கேயர் 1620 களில் இடித்த கந்தசுவாமி கோயில் எப்படி இருந்தது என்பதை அளவோடு காட்டும் வரைபடம் நம்மிடம் இல்லை. இன்றுள்ள கோயில் வேறிடத்தில், 18 ஆம் நூற்றாண்டில் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்தது. அதன் கோபுரங்கள் இன்னும் பிந்தியவை. பழைய கோயிலை மெய்நிகரில் செய்யச் சொன்னால், கையில் சான்றில்லாத ஒரு வடிவமைப்பாளர் என்ன செய்வார்? இன்றைய கோபுரத்தையோ தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றையோ எடுத்துச் சிறிதாக்கி, வர்ணத்தை மங்கவைத்து, பக்கத்தில் நாலு பனையை நட்டுவிடுவார். கடதாசியில் இதை வரைந்திருந்தால் ஓவியரின் கற்பனை என்று எவரும் புரிந்துகொள்வார்கள். மெய்நிகரில் அந்தக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளைக்கு அது தான் போய்வந்த இடம். அந்தப் பிள்ளை ஆசிரியராகும்போது அதையே தன் மாணவருக்குச் சொல்லும்.

நல்லூரிலுள்ள சங்கிலியன் தோப்பு வளைவும் மந்திரிமனையும் இன்னொரு வகைப் பொறி. இரண்டும் கண்முன்னே நிற்கின்றன, அளக்கலாம், படமெடுக்கலாம். ஆனால் இன்று நிற்கும் வடிவில் ஐரோப்பியக் கட்டடக் கலையின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. அவற்றை அப்படியே அளந்தெடுத்து, ‘சங்கிலி மன்னன் காலத்து வீதி’ என்று பெயரிட்ட காட்சிக்குள் வைத்தால், அளவு மில்லிமீற்றருக்குச் சரியாக இருந்தாலும் காலம் பிழைத்துவிடும். நுட்பமான அளவு ஒரு கட்டடத்துக்கு வரலாற்றுச் சான்றிதழ் கொடுப்பதில்லை. மாறாக யமுனா ஏரியைப் பாருங்கள். பகர வடிவக் கேணி, படிகளும் சுவருமாக இன்றும் இருக்கிறது. இராசதானியைக் காட்ட விரும்புவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

தொல்பொருளியலாளர்கள் இந்தச் சிக்கலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1964 இன் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நிற்கவேண்டும் என்று தன் 9 ஆவது பிரிவில் சொல்கிறது. கணினியில் மரபுரிமையைக் காட்டுவதற்கென 2006 இல் உருவான இலண்டன் சாசனம், ஒவ்வொரு முடிவையும் எந்தச் சான்றை வைத்து, என்ன காரணத்துக்காக எடுத்தீர்கள் என்று எழுதிவைக்கச் சொல்கிறது. மெய்நிகரில் கல் அடுக்குவதில்லை, பழைய சுவரை இடிப்பதுமில்லை. ஆகவே ஊகத்தை முழுதாக விலக்க வேண்டியதில்லை. ஊகம் ஊகமாகவே தெரிந்தால் போதும்.

அதற்கு நாங்கள் முன்வைக்கும் முறை இது. காட்சியில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் நாலு தரங்களில் ஒன்று கொடுக்க வேண்டும். இன்றும் நிற்பது, நேரில் அளந்தது முதல் தரம். இன்று இல்லை, ஆனால் புகைப்படமோ வரைபடமோ அளவுக் குறிப்போ இருக்கிறது என்றால் இரண்டாம் தரம். அதே காலத்து, அதே வகைக் கட்டடங்களைப் பார்த்து ஊகித்தது மூன்றாம் தரம். வெற்றிடம் நிரப்பச் செய்தது நாலாம் தரம். முதலிரண்டும் முழு நிறத்தோடும் முழு ஒளியோடும் தெரியட்டும். மூன்றாவது, களிமண் உருவம்போல ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கட்டும். நாலாவது வெறும் கோட்டுருவாக இருக்கட்டும், அல்லது இல்லாமலே போகட்டும். கையில் வைத்திருக்கும் கைப்பிடிக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் முழுக் காட்சியும் நிறம் பெறலாம். ஆனால் பிள்ளை உள்ளே நுழையும்போது முதலில் தெரிவது தரம் பிரித்த காட்சியாகவே இருக்கவேண்டும். பொத்தான் விட்டதும் அதுவே திரும்ப வரவேண்டும்.

இதைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். கணினி இணைக்காமல் தனியே இயங்கும் கண்ணாடிக்குள் இருப்பது ஒரு கைத்தொலைபேசியின் வலுவுள்ள செயலிதான். காட்சி தடங்காமல் ஓட வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான சிறு பொருள்களை ஒன்றாக இணைத்து, அவற்றின் மேற்பரப்புப் படங்களையும் ஒரே படத்துக்குள் அடுக்குவார்கள். அந்த வேலை முடிந்தபின் எந்தத் தூண் சான்று, எந்தத் தூண் ஊகம் என்று பிரிக்க முடியாது. செய்தவருக்கே மறந்துபோயிருக்கும். ஆகவே ஒரே தரத்துப் பொருள்களை மட்டும் ஒன்றோடொன்று இணைக்கவேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். பொருளின் பெயர் தர இலக்கத்தோடு தொடங்கட்டும், அடுத்துச் சான்றின் பதிவிலக்கம் வரட்டும். ஒரு சாதாரண அட்டவணைக் கோப்பில் அந்த இலக்கத்துக்கு நேரே சான்று எங்கிருக்கிறது, யார் பார்த்தார், எப்போது பார்த்தார், என்ன ஐயம் மிஞ்சியது என்று எழுதினால் போதும். கடைசியில் ஒளியமைப்புச் செய்யும்போது மிகுந்த கவனம் வேண்டும். ஊகத்துக்கும் சான்றுக்கும் ஒரே வெயிலையும் ஒரே நிழலையும் கொடுத்துவிட்டால் கண் இரண்டையும் சமமாக நம்பிவிடும்.

நூலகத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்து 1959 இல் திறந்த கட்டடம் 1981 மே 31, யூன் 1 அளவில் எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இன்று நிற்பது சீரமைத்த கட்டடம். வேலை எளிதென்று இன்றைய கட்டடத்தை அளந்தெடுத்து அதன்மேல் 1959 என்று எழுதிவிடக் கூடாது. பழைய புகைப்படத்தில் காணப்படும் பகுதி மட்டுமே இரண்டாம் தரம், மற்றது மூன்றாம் தரம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மென்பொருள் கொடுக்கும் நிறம் வெறும் ஊகம். சுவரின் நிறத்துக்கு எழுத்துச் சான்றோ, பழைய பூச்சின் எச்சமோ இல்லையென்றால் நிறம் வேண்டாம்.

உள்ளே போனால் எமக்குப் பெரிய கவலை புத்தக அலுமாரிகள்தான். அவற்றை நிரப்பச் சொன்னால், படம் ஆக்கும் செயற்கை நுண்ணறிவு ஆயிரம் புத்தக முதுகுகளை நொடியில் தரும். அவற்றில் தமிழ்போலத் தோன்றும், தமிழல்லாத கிறுக்கல்கள் இருக்கும். அதைத் தவிர்க்க, இணையத்தில் கிடைக்கும் பழைய நூல்களின் அட்டைகளை ஒட்டினாலும் பிழைதான். அந்த நூல் அங்கிருந்ததற்குச் சான்று எங்கே? இழந்தது எது என்ற கேள்விக்கே பொய்ப் பதில் சொன்னதாகிவிடும். நூலகத்தில் இருந்ததென்று பதிவுள்ள நூலுக்கு மட்டும் தலைப்பு எழுதுங்கள். மற்றெல்லா முதுகுகளும் வெறுமையாக இருக்கட்டும். பழைய புகைப்படங்களைக் காட்சிக்குள்ளேயே வையுங்கள், எந்த இடத்திலிருந்து எடுத்தார்களோ அந்த இடத்தில், அதே உயரத்தில். பிள்ளை அங்கே நின்று படத்தையும் மாதிரியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பிடலாம். கமராவின் இடத்தையும் வில்லைக் கோணத்தையும் சரியாகக் கணித்திருந்தால் சாளரங்களின் ஓரங்கள் பொருந்தும். பொருந்தாவிட்டால் மாதிரியில் பிழை இருக்கிறது, திருத்தவேண்டும். இதைவிட நல்ல பரிசோதனை வேறில்லை.

கோட்டையில் வேலை வேறு மாதிரி. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டிய மதில்கள் பெரும்பாலும் நிற்கின்றன. 1706 இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990 களின் போரில் இடிந்துபோனது. மதிலைப் புகைப்படங்களிலிருந்து முப்பரிமாணமாக்கலாம். அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 சதவீதம் ஒன்றோடொன்று மேற்பொருந்த வேண்டும். வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டிவைக்க வேண்டும். முகில் மூடிய நேரமோ விடிந்த கையோடோ நல்லது. உச்சி வெயிலில் எடுத்தால் நிழல் சுவரின் நிறமாகவே பதிந்துவிடும். நீளம் தெரிந்த அளவுகோல்களைப் பல இடங்களில் வையுங்கள், மாதிரியில் சேர்க்காத சில தூரங்களை நாடாவால் அளந்து பின்னர் ஒப்பிடுங்கள். முருகைக் கல் சொரசொரப்பானதால் நன்றாக வரும். வெள்ளையடித்த சுவர் வராது, அகழித் தண்ணீர் வராது, காற்றிலாடும் வடலி வராது. அங்கெல்லாம் மாதிரியில் ஓட்டை விழும். பெரும்பாலான மென்பொருள்கள் அந்த ஓட்டையைக் கேட்காமலே வழுவழுப்பான பரப்பால் மூடிவிடும். இடைவெளி நிரப்பும் தெரிவை நிறுத்திவைத்து, ஓட்டையை ஓட்டையாகவே காட்டுங்கள். அளந்து எடுத்த மாதிரி என்ற பெயரில் ஊகம் நுழைவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

கட்டடத்தின் பருமனும் பொய் சொல்லும். 360 பாகைக் கமராவைப் பெரியவரின் கண்ணுயரத்தில், 160 சென்ரிமீற்றரில் நிறுத்தி எடுத்த காட்சியை 130 சென்ரிமீற்றர் உயரமான பிள்ளை பார்த்தால், தான் திடீரென வளர்ந்துவிட்டதாகவும் கட்டடம் சிறுத்ததாகவும் தோன்றும். அத்தகைய காட்சியில் எட்டிப் பார்க்கவும் முடியாது. தலை முன்னே போனாலும் படம் அங்கேயே நிற்கும், சிலருக்கு அதிலேயே தலை சுற்றும். முப்பரிமாண மாதிரியென்றால் பிள்ளையின் சொந்த உயரமே கணக்கில் வரும், தரைமட்டத்தை ஒவ்வொரு அமர்விலும் சரிபார்த்தால் மட்டும். கணினிக்குள் காட்சியை வரையும் இரு கற்பனைக் கமராக்களுக்கிடையே உள்ள தூரம் பிள்ளையின் கண்மணிகளுக்கிடையே உள்ள தூரத்தைவிடக் கூடினால் கோட்டை பொம்மைக் கோட்டையாகிவிடும். கண்ணாடியின் வில்லைகளும் அந்தத் தூரத்துக்கு ஒத்துவரவேண்டும். மெற்றா நிறுவனத்தின் குவெஸ்ற் 2 கண்ணாடியில் 58, 63, 68 மில்லிமீற்றர் என்று மூன்று நிலைகளே உண்டு. பிள்ளைகள் பலருக்கு மிகச் சிறிய நிலையும் அகலம்தான். அவர்களுக்குப் படம் மங்கும், கண் உளையும்.

இனி, சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டியது. நூலகம் எரிந்ததையோ தேவாலயம் இடிந்ததையோ பிள்ளை நடுவே நிற்கும் காட்சியாகச் செய்ய வேண்டாம். போர் அனுபவத்தால் மனம் காயப்பட்ட படைவீரர்களுக்குச் சிகிச்சையளிக்க 1990 களிலிருந்தே மெய்நிகரைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே பயிற்சி பெற்ற உளவளத்துறையினர் பக்கத்தில் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள். மருந்தாகும் அளவுக்கு வலுவுள்ள ஒன்றைப் பாடசாலை மண்டபத்தில் வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கலாகாது. இங்கே பிள்ளைகளை அழைத்துவரும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஷெல்லடிக்குள் வாழ்ந்தவர்கள். கெலிகொப்ரர் சத்தம், வெடிச் சத்தம், சைரன், எரியும் கூரையின் சத்தம் எதுவும் காட்சிக்குள் இருக்கக் கூடாது. அழிவைக் காட்டவேண்டிய இடத்தில் அன்றைய புகைப்படத்தைச் சட்டத்துக்குள் வையுங்கள். அது உண்மையானது, பிள்ளை அதிலிருந்து தலையைத் திருப்பிக்கொள்ளவும் முடியும்.

அமர்வு நடத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் நல்ல காட்சியும் இங்கேதான் கெடுகிறது. மெற்றா நிறுவனம் முன்பு 13 வயதை எல்லையாக வைத்திருந்து, 2023 இல் பெற்றோர் மேற்பார்வைக் கணக்கோடு 10 ஆக இறக்கியது. சோனியின் எல்லை 12. நினைவு பற்றி மேலே சொன்ன காரணத்துக்காக, பாடசாலையில் தரம் 6 இற்குக் கீழே படிக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணாடி வேண்டாம், பெரிய திரையில் காட்டுங்கள் என்பது எங்கள் கருத்து. மேலுள்ளோருக்கும் ஒரு தடவைக்கு 5 முதல் 8 நிமிடம் போதும். சுழலும் கதிரையில் இருத்திக் காட்டுங்கள். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் முதல் நாளே கையில் இருக்கட்டும். இரண்டு கண்ணாடிக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும், அவர் பிள்ளை பார்ப்பதைத் தன் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காட்சிக்குள் கைப்பிடியால் சறுக்கி நகரும் முறையை நிறுத்திவிடுங்கள். கண் நகர்கிறேன் என்கிறது, உட்காது அசையவில்லை என்கிறது. குமட்டல் அந்த முரண்பாட்டிலிருந்துதான் வருகிறது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு, இடையில் திரை இருண்டு, தாவும் முறையே நல்லது. மண்டபத்தில் ஒரு மின்விசிறியை ஒரே திசையில் ஓடவிடுங்கள். காற்று வரும் பக்கத்தை வைத்துப் பிள்ளைக்குத் தான் உண்மையில் எங்கே இருக்கிறோம் என்ற பிடி இருக்கும்.

எங்கள் பிள்ளைகளுக்கே உரிய சில சங்கதிகளைக் கருவியின் கையேடு சொல்லாது. கண்ணாடியின் பின்பட்டி பிடரியின் மேட்டுக்குக் கீழே உட்காரவேண்டும். இரட்டைப் பின்னலும் றிபனும் கட்டிய பிள்ளைக்கு அது மேலே ஏறி, முன்பாரம் மூக்கில் இறங்கும். அரைக் கிலோப் பாரம் அது. பின்னல்களைப் பட்டிக்கு வெளியே எடுத்துவிட்டு இறுக்குங்கள். நெற்றித் திருநீறு முகப் பஞ்சில் ஒட்டி வில்லையில் உதிரும். அது நுண்ணிய தூள். ஈரத் துணியால் துடைத்தால் வில்லையின் பூச்சு கீறுப்படும். திருநீற்றை அழிக்கச் சொல்லவேண்டாம், ஒருதரம் பாவிக்கும் முகத்துணியைக் கொடுத்து, வில்லையில் விழுந்த தூளைக் காற்று ஊதியால் அகற்றியபின் உலர்ந்த மெல்லிழைத் துணியால் துடையுங்கள். அற்ககோல் துடைப்பான் முகப் பஞ்சுக்கு மட்டும், வில்லைக்கு வேண்டாம். கண்ணாடியைச் சாளரத்தோரம் ஒருபோதும் வைக்கக் கூடாது. வில்லை வழியே புகும் வெயில் ஒரு புள்ளியில் குவிந்து உள்ளேயுள்ள திரையைச் சுட்டுவிடும், அந்த வடு மாறாது. தகரக் கூரை மண்டபத்தில் சித்திரை, வைகாசி மத்தியானங்களில் கருவி சூடேறி நின்றுவிடும். காலை 10 மணிக்குள் முடியுங்கள். பற்றரி ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் தாங்கும். இணையம் இல்லாமலே காட்சி திறக்கிறதா என்று முதல் நாள் அந்த மண்டபத்திலேயே பாருங்கள்.

கண்ணாடியைக் கழற்றிய பின்னான பத்து நிமிடம் மிகவும் பெறுமதியானது. 2010 இல் வெளியான ஒரு கனேடிய ஆய்வு, மெய்நிகரில் இருந்துவிட்டு வந்தவர்களுக்குச் சுற்றியுள்ள உண்மை உலகில் தாம் இருக்கிறோம் என்ற உணர்வே சற்றுக் குறைகிறது என்று கண்டது. கைகள் தம்முடையவை போல இல்லை, சுவர் தட்டையாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். அதுவரை பிள்ளையை எழுப்ப வேண்டாம், படியிறங்க விடவேண்டாம், சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பவே வேண்டாம். தரையில் காலை ஊன்றி, தண்ணீர் குடித்து, கையால் எதையாவது தொட்டு இருக்கட்டும். அந்த நேரத்திலேயே ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, பார்த்ததில் எது உண்மையில் இருந்தது, எது எங்கள் ஊகம் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து, முதல் தாளைக் காட்டாமல், அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். சாம்பல் நிறத்தில் காட்டியதை உண்மை என்று எழுதும் பிள்ளைகள் இரண்டாம் முறை கூடியிருந்தால், காட்சியில் தரப் பிரிப்பு போதவில்லை என்று பொருள். அந்தத் தாள்களை வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். எந்தப் பொருளில் பிள்ளைகள் தடுமாறினார்கள் என்பதை அவருக்கு வேறெவரும் சொல்ல முடியாது.

கோட்டையும் நூலகமும் யமுனா ஏரியும் எங்கள் பாடசாலைகள் பலவற்றுக்குப் பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கின்றன. முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். கல்லைத் தொட்டு, படியை எண்ணி, மதிலின் நீளத்தைக் காலடியால் அளந்த பிள்ளைக்கு மெய்நிகர்க் காட்சியை ஒப்பிட ஒரு அளவுகோல் கிடைக்கும். கண்ணாடியை முதலில் கொடுத்துவிட்டு இடத்துக்குப் பிறகு கூட்டிப்போனால், இடிந்து கிடப்பதைப் பார்த்து, ‘இது பிழை, நான் பார்த்தது வேறு’ என்று பிள்ளை சொல்லும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இத்தகைய வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போதும் ஒப்பந்தம் எழுதும்போதும், தரம் பிரித்த காட்சியே முதலில் தோன்றவேண்டும் என்றும், சான்றுப் பதிவேடு காட்சியோடு சேர்த்து ஒப்படைக்கப்பட்டு எவரும் பார்க்கக்கூடியதாகப் பொது நூலகத்தில் ஒரு பிரதி இருக்கவேண்டும் என்றும், இறுதிக் கொடுப்பனவின் ஒரு பகுதி அந்தப் பதிவேட்டை ஒரு வரலாற்று ஆசிரியரும் ஒரு தொல்பொருளியலாளரும் சரிபார்த்த பின்னரே வழங்கப்படும் என்றும் சேருங்கள். புதிய சான்று கிடைத்தால் காட்சியைத் திருத்த மூல வேலைக் கோப்புகளும் உங்கள் கையில் இருக்கவேண்டும். கண்ணாடியில் ஓடும் செயலி மட்டும் கிடைத்தால் ஒரு சாளரத்தைக்கூட நகர்த்த முடியாது. பதிவேட்டுக்கான மாதிரிப் படிவத்தையும், தர இலக்கம் இடும் ஒழுங்கையும், மேற்பார்வையாளர்களுக்கான ஒரு நாள் பயிற்சியையும் கட்டணமின்றித் தர ஆயத்தமாக இருக்கிறோம். முதலில் யமுனா ஏரியை மட்டும் எடுத்து ஒரு பாடசாலையில் செய்துபார்க்கலாம்.

இப்படிக்கு,
மெய்நிகர்க் காட்சி ஆக்குநரும் கணினிப் பாட ஆசிரியர்களும்,
யாழ்ப்பாணம்.